பழைய மோட்டார்ஹோமின் ஜன்னல் திரையும் கொசுவலையும்: கழற்றிப் பழுது பார்க்கும் முறை

உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டிதான் மோட்டார்ஹோம். பழையது வாங்குகிறவர்கள் முதலில் இன்ஜினைப் பார்ப்பார்கள். அப்புறம் எங்காவது ஈரம் இறங்கியிருக்கிறதா என்று சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஜன்னல் திரையை இழுத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. நானும் பார்க்கவில்லை. நான் வாங்கியது 2003-இல் ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டிய வண்டி. இங்கிலாந்தில் வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்து, முதல் இரவு அங்கேயே படுத்துப் பார்க்கலாம் என்று திரைகளை இறக்கினேன். ஒன்று பாதியில் நின்றது. ஒன்று கீழே வந்தது, மேலே போகமாட்டேன் என்றது. இன்னொன்று ஒரு தோள் இறங்கிய சட்டைபோல் சரிந்து தொங்கியது. ஜூன் மாதம் இங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், தூக்கம் அத்தோடு சரி.

ஒரு கடையில் விசாரித்தபோது, ஒவ்வொரு ஜன்னலுக்கும் கேசட்டையே, அதாவது திரையும் வலையும் அடங்கிய சட்டத்தையே, மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுத்தான் நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஐந்து ஜன்னலும் ஒரு கூரை ஜன்னலும் முடித்தபிறகு சொல்கிறேன்: இந்தத் திரைகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை மூன்றே வகைதான். அழுக்கு, தளர்ந்த ஸ்பிரிங், அறுந்த நூல். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் பொருள்செலவு மிகக் குறைவு. ஆனால் பழுது பார்க்கும்போது நாமே உடைத்துவிடுகிற பிளாஸ்டிக் துண்டுகள்தாம் ஆளைக் கவிழ்த்துவிடும். இருபது வருடம் வெயிலில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. பழைய மாடல்களுக்கு அந்தத் துண்டு தனியாகக் கிடைப்பதும் அபூர்வம்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் இரண்டு வகை பரவலாக உண்டு.

முதலாவது சுருள் திரை. ஓர் அலுமினியக் குழாயில் துணி சுற்றியிருக்கும், குழாய்க்குள் நீளமான கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். வெளிச்சத்தை மறைக்கும் துணி ஜன்னல் சட்டத்தின் ஒரு முனையிலும் கொசுவலை எதிர்முனையிலும் இருக்கும். இரண்டின் கைப்பிடிப் பட்டைகளும் நடுவில் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும். ஸைட்ஸ் நிறுவனத்தின் ராஸ்ட்ரோலோ இந்த வகை. ஸைட்ஸ் பின்னாளில் டொமெட்டிக் நிறுவனத்துக்குள் போய்விட்டதால் உதிரிபாகம் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

இரண்டாவது மடிப்புத் திரை. காகித விசிறிபோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி விரியும். இதில் குழாயும் கிடையாது, பெரிய ஸ்பிரிங்கும் கிடையாது. மடிப்புகளின் ஊடே ஓடும் மெல்லிய நூல்கள்தாம் எல்லாவற்றையும் தாங்குகின்றன. ஜெர்மனியின் ரெமிஸ், நெதர்லாந்தின் ஹோரெக்ஸ் இரண்டும் இதில் தெரிந்த பெயர்கள். ஓட்டுநர் அறையின் முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் பொருத்துவது பெரும்பாலும் இந்த வகைதான்.

பெயர் தெரியவில்லை என்றால் கைப்பிடிப் பட்டையின் ஓரத்திலோ சட்டத்தின் பக்கவாட்டிலோ சின்ன ஸ்டிக்கரோ அச்செழுத்தோ இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு எது எந்த ஜன்னலுடையது என்று குழம்பும், ஒட்டுத்தாளில் எழுதி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒட்டிவிடுங்கள்.

கையில் எடுப்பதற்கு முன்

குளிர்காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஐந்து டிகிரிக் குளிரில் பழைய பிளாஸ்டிக்கை வளைத்தால் டப்பென்று உடையும். அதே துண்டு இருபது டிகிரியில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். வெயில் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், அல்லது வண்டிக்குள் ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஆரம்பியுங்கள். விடாப்பிடியான கிளிப் என்றால் ஹேர் டிரையரைத் தள்ளிப்பிடித்து இளஞ்சூடு காட்டலாம். ஹாட் ஏர் கன் வேண்டாம், அது சட்டத்தையே உருக்கிவிடும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஐரோப்பிய வண்டிகளில் நிறைய ஸ்க்ரூக்கள் போசிடிரிவ் தலை கொண்டவை, பார்க்க ஃபிலிப்ஸ் என்ற சாதாரணக் கூட்டல்குறித் தலை போலவே இருக்கும். ஃபிலிப்ஸ் நுனியால் திருகினால் வழுக்கி வழுக்கித் தலை தேய்ந்துவிடும். அதனால் போசிடிரிவ் 2-ஆம் நம்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு சின்ன தட்டை ஸ்க்ரூ டிரைவர், கூர்மூக்குக் குறடு, மாஸ்கிங் டேப், சூப்பர் குளூ, துணி காயப்போடும் கிளிப் பத்து, மென்மையான பெயின்ட் பிரஷ், சிலிக்கான் ஸ்பிரே. ஸ்க்ரூக்களைப் போட்டுவைக்க முட்டை அட்டை அருமையானது. எந்த வரிசையில் கழற்றினோமோ அதே வரிசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டுவிடலாம்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. சில ஜன்னல்களில், குறிப்பாக ஸைட்ஸ் எஸ்4 வகையில், திரை இருக்கும் உள்சட்டமும் வெளிச்சட்டமும் சுவரை நடுவில் வைத்துக் கவ்விக்கொண்டிருக்கும். உள்ளே தெரியும் ஸ்க்ரூக்கள்தாம் இரண்டையும் பிணைக்கின்றன. திரைக்காகத்தானே என்று எல்லா ஸ்க்ரூவையும் கழற்றினால் வெளிச்சட்டத்தின் பிடி விட்டுப்போகும், மழைநீரைத் தடுக்கும் சீலன்ட் பிரியும். உங்கள் ஜன்னல் இந்த வகையென்றால், வெளியே சட்டத்தைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி வண்டியின் உடம்போடு பிடித்துவைத்துவிட்டு, மழை வராத நாளில் ஆரம்பியுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். சீலன்ட் பிரிந்திருப்பது தெரிந்தால், அது திரையைவிடப் பெரிய வேலை. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்காமல் வண்டியை மழையில் விடக்கூடாது.

கேசட் தனியாகச் சட்டத்தின் மேல் திருகப்பட்டிருந்தால் இந்தக் கவலை இல்லை. ஸ்க்ரூத் தலைகளைச் சின்னப் பிளாஸ்டிக் மூடிகள் மறைத்திருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியில் டேப் சுற்றி, பதமாக நெம்பி எடுங்கள்.

முதலில் சுத்தம்

கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். எனக்குப் பாதியில் நின்ற திரை, சுத்தம் செய்ததோடு சரியாகிவிட்டது. பட்டையின் இரண்டு முனைகளும் ஓடுகிற பக்கவாட்டுத் தடங்களில் இருபது வருடத் தூசி, செத்த ஈக்கள், முன்பு இருந்தவர் அடித்த எண்ணெய், எல்லாம் சேர்ந்து களிம்பாக இருந்தது.

வேக்யூம் கிளீனரில் பிரஷ் முனையை மாட்டி முதலில் உறிஞ்சுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பெயின்ட் பிரஷால் தடங்களைத் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் தடத்தைத் தடவுங்கள். நேராக ஜன்னலைப் பார்த்து அடிக்கவேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள ஸ்பிரேக்களைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு வழுவழு என்று ஓடும், ஆறு மாதத்தில் தூசியைப் பிடித்துவைத்துப் பழையபடி நிற்கும்.

ஜன்னல் பலகை கண்ணாடி அல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன், வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அதில் படக்கூடாது. பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் மயிரிழைபோல் நூற்றுக்கணக்கான வெடிப்புகள் உள்ளே ஓடும், அதற்கு மருந்து கிடையாது. சோப்புத் தண்ணீர் மட்டும் போதும்.

வெள்ளி பூசிய துணியை நனைக்காதீர்கள். ஈரத்துணியைப் பிழிந்து ஒற்றி எடுத்தால் போதும், முழுதாகக் காயும்வரை சுற்றவோ மடிக்கவோ கூடாது. இல்லையென்றால் அடுத்த முறை இழுக்கும்போது கரும்புள்ளிப் பூஞ்சை வரவேற்கும்.

சுருள் திரை மேலே போகவில்லையா?

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடைந்திருக்கும் என்று பயப்படவேண்டாம், அது அரிது.

சில கேசட்டுகளில் குழாயின் முனை சட்டத்தின் பக்கவாட்டில் வெளியே தெரியும், அதில் தட்டை ஸ்க்ரூ டிரைவர் நுழையும் பிளவு இருக்கும். அப்படியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கேசட்டைப் பிரிக்காமலே, எந்தப் பக்கம் திருப்பினால் எதிர்ப்புத் தருகிறதோ அந்தப் பக்கம் இரண்டு மூன்று சுற்று திருப்பிப் பாருங்கள்.

அப்படியில்லை என்றால் குழாயை வெளியே எடுக்கத்தான் வேண்டும். பெரிய மேஜைமேல் பழைய போர்வையை விரித்துக்கொள்ளுங்கள்.

குழாயின் ஒரு முனையில் சும்மா சுழலும் ஊசிபோன்ற முனை இருக்கும். மறுமுனையில் தட்டையாகவோ சதுரமாகவோ ஒரு முள் இருக்கும், அது சட்டத்தின் பள்ளத்தில் உட்கார்ந்து சுழலாமல் நிற்கும். ஸ்பிரிங்கின் ஒரு நுனி இந்த முள்ளோடும் மறுநுனி குழாயோடும் பிடிபட்டிருக்கிறது. திரையை இழுக்கும்போது குழாய் சுழல்கிறது, முள் நிற்கிறது, இடையில் ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. இவ்வளவுதான் இதன் ரகசியம்.

துணி முழுக்கச் சுற்றிய நிலையில், முள்ளைக் குறடால் கெட்டியாகப் பிடித்தபடி குழாயைப் பள்ளத்திலிருந்து தூக்குங்கள். குறடு நழுவினால் முள் விர்ரென்று சுழன்று விரலைப் பதம்பார்க்கும், முறுக்கு முழுவதும் போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்வது நல்லது. இப்போது முள்ளை மெதுவாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக விட்டு, மிச்சம் எத்தனை சுற்று முறுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். மேலே போக மறுத்த என் திரையில் நாலு சுற்றுதான் மிச்சம் இருந்தது.

எத்தனை சுற்று வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். துணியோடு சேர்த்துக் குழாயின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 63 மில்லிமீட்டர் துணி இறங்கும். 70 சென்டிமீட்டர் உயர ஜன்னலில் திரையை முழுக்க இழுத்தால் குழாய் 11 சுற்று சுழலும். நாம் முன்கூட்டியே 12 சுற்று ஏற்றிவைத்திருந்தால், முழுக்க இழுத்த நிலையில் ஸ்பிரிங்கில் 23 சுற்று இருக்கும். இதை அது தாங்கவேண்டும். அதனால் ஒரேயடியாக 20 சுற்று ஏற்றிவிடாதீர்கள். முழுக்க இழுப்பதற்கு முன்பே ஸ்பிரிங் இறுகி நின்றுவிடும், பலமாக இழுத்தால் உள்ளே பிடிவிட்டுப்போகும்.

நான் செய்தது இப்படி. 10 சுற்றில் ஆரம்பித்தேன். முள்ளை எதிர்ப்புத் தருகிற திசையில் குறடால் சுற்றி, பள்ளத்தில் உட்காரவைத்து, கேசட்டைத் தற்காலிகமாக இரண்டே ஸ்க்ரூவில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். கடைசிக் கையகல தூரம் ஏற மறுத்தது. எடுத்து இன்னும் இரண்டு சுற்று. இப்போது மேலே போய்ச் சேர்ந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். தவறான திசையில் சுற்றினால் ஸ்பிரிங் உள்ளேயே விரிந்து குழாயை உரசும், கரகரவென்று சத்தம் வரும். அப்படிக் கேட்டால் விட்டுவிட்டு மறுதிசையில் சுற்றுங்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. திரையும் வலையும் நடுவில் கொக்கி மாட்டியிருக்கும்போது இரண்டு ஸ்பிரிங்கும் எதிரெதிராக இழுக்கின்றன, கயிறிழுக்கும் போட்டி மாதிரி. ஒன்றுக்கு மட்டும் முறுக்கை ஏற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், பட்டை விட்ட இடத்தில் நிற்காமல் வலுத்த பக்கம் ஓடிவிடும். அதனால் இரண்டையும் சேர்த்துச் சோதியுங்கள். வலை இலேசானது, துணியைவிட ஒன்றிரண்டு சுற்று குறைவாகவே அதற்குப் போதும்.

முள் உட்காரும் பிளாஸ்டிக் முனை உடைந்திருந்தால், பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களிடம் தேடலாம். 3டி பிரின்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அதைவிட நல்லது. ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிடச் சொல்லாதீர்கள். அது 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், வெயிலில் நிற்கும் வண்டியில் ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவே அந்தச் சூடு சுலபமாக வரும். அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி அல்லது ஏஎஸ்ஏ கேளுங்கள்.

மடிப்புத் திரைக்கு நூல் மாற்றுவது

ஒரு பக்கம் சரிந்து தொங்கினால் நூல் அறுந்திருக்கிறது. இதுதான் இந்த வேலைகளிலேயே பொறுமை கேட்பது, முடித்தபின் மனசுக்கு நிறைவு தருவதும் இதுதான்.

நூல் ஓடும் வழி புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இடது மேல்மூலையில் தொடங்கும் நூல், மடிப்புகளின் ஓட்டைகள் வழியே இறங்கி, நகரும் பட்டையின் இடது முனைக்குள் நுழையும். பட்டைக்குள்ளேயே வலது முனைவரை ஓடி, வெளியே வந்து, வலது கீழ்மூலையில் முடியும். இன்னொரு நூல் வலது மேல்மூலையில் தொடங்கி இதேபோல் இடது கீழ்மூலையில் முடியும். பட்டைக்குள் இரண்டும் ஒன்றையொன்று கடந்து போகின்றன. இதனால் என்ன ஆகிறது என்றால், பட்டையின் இடது பக்கம் இரண்டு விரற்கடை இறங்கினால் அந்த நூலின் நீளம் போதாமல் வலது பக்கமும் அதே அளவு இறங்கியாகவேண்டும். ஒரு கையால் ஓரத்தைப் பிடித்து இழுத்தாலும் பட்டை கோணாமல் வருவது இந்தக் குறுக்கு ஓட்டத்தால்தான். ஒரு நூல் அறுந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது, திரை சரிகிறது. அகலமான ஜன்னல்களில் இரண்டுக்குப் பதில் நாலு நூல் இருக்கலாம், தத்துவம் அதேதான்.

கழற்றியவுடன் அறுந்த நூலை உருவி எறிந்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்துவிட்டு, அடுத்த ஜன்னலையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தேன். நாலு மூலையையும் பட்டையின் இரு முனைகளையும் போட்டோ எடுங்கள்.

புது நூலுக்கு 0.8 முதல் 1 மில்லிமீட்டர் தடிமனில், பின்னிய பாலியஸ்டர் வாங்குங்கள். மடிப்புத் திரை நூல் என்றே விற்கிறார்கள். நைலான் நாளடைவில் இழுபட்டு நீளும். தூண்டில் நரம்பு பலமானதுதான், ஆனால் வழுவழுப்பில் முடிச்சு நழுவும், மெல்லியதாக இருப்பதால் மடிப்பு ஓட்டைகளைக் கத்திபோல் அறுக்கும்.

இனி வேலை:

1. சட்டத்தை மேஜையில் படுக்கவைத்து, மடிப்புகளை முழுக்கச் சுருக்கி, நாலு இடத்தில் துணிக் கிளிப் மாட்டிவிடுங்கள். மடிப்பு அவிழ்ந்து சரிந்தால் ஓட்டைகள் வரிசை தப்பும்.

2. புது நூலை, பழைய நூலின் முழு நீளத்தைவிட ஒரு முழம் அதிகமாக வெட்டுங்கள். நுனியில் ஐந்து சென்டிமீட்டருக்கு சூப்பர் குளூ தடவிக் காயவிட்டு, சாய்வாக வெட்டினால் அதுவே ஊசியாகிவிடும்.

3. பழைய நூல் இன்னும் உள்ளே இருந்தால், பாவாடைக்குப் புது நாடா கோர்க்கும்போது பழைய நாடாவின் நுனியில் தைத்து இழுப்பார்களே, அதே உபாயம்தான். இரண்டு நுனியையும் முட்டவைத்து ஒரு சொட்டு குளூவில் ஒட்டி, பழையதை இழுத்தால் புதியது பின்னாலேயே வந்துவிடும். முடிச்சுப் போடாதீர்கள், ஓட்டையில் சிக்கும்.

4. பழைய நூல் இல்லை என்றால் ஒவ்வொரு ஓட்டையாகக் கோர்க்கவேண்டும். ஒரு ஓட்டையை விட்டுவிட்டாலும் அந்த மடிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பத்து ஓட்டைக்கு ஒருமுறை நிமிர்ந்து சரிபாருங்கள்.

5. பட்டைக்குள் நூலை விடுவதற்கு, மெல்லிய கம்பியை எதிர்முனையிலிருந்து நுழைத்து நூலைக் கட்டி இழுங்கள். அதற்குமுன் பட்டையின் முனையில் நூல் திரும்பும் இடத்தைத் தடவிப் பாருங்கள். பழைய நூல் அறுந்தது அநேகமாக அங்கேதான். பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மழுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் புது நூலும் அங்கேதான் அறும்.

6. நூலின் கடைசி முனையை மூலையிலுள்ள சின்ன ஸ்பிரிங்கில் கட்டுங்கள். ஸ்பிரிங் இழுபட்டு உயிர்போயிருந்தால் அதே அளவில் வேறு வாங்குங்கள். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை நானும் முயன்றேன். அது அமுக்கினால் திரும்புகிற வகை, இங்கே வேண்டியது இழுத்தால் திரும்புகிற வகை.

எவ்வளவு இறுக்குவது என்பது கைப்பழக்கம். கயிற்றுக் கட்டிலில் தொய்வு எடுப்பதுபோல், எல்லா நூலையும் முதலில் சுமாராக இழுத்துக் கட்டி, அவிழ்க்கக்கூடிய முடிச்சாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி பட்டையை நகர்த்துங்கள். ஒரு விரலால் தள்ளினால் நகரவேண்டும், விட்ட இடத்தில் நிற்கவேண்டும். தானாக இறங்கினால் இறுக்கம் போதாது. பட்டை நடுவில் வில்லாக வளைந்தால் இறுக்கம் அதிகம், சட்டத்தின் மூலைகளே பிளந்துவிடும். கோணலாக ஓடினால் ஒரு நூல் மற்றதைவிட நீளம். சரியாக வந்தபின் இரட்டை முடிச்சாக்கி, ஒரு சொட்டு குளூ வைத்து, நுனியை வெட்டுங்கள்.

மடிப்புத் துணியின் வெள்ளிப்பூச்சு மடிப்பு ஓரங்களில் வெடித்து, ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா? வெள்ளி டேப் ஒட்டினால் மடியாது. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன், இரவில் நட்சத்திரம் மாதிரி இருக்கிறது. சகிக்காதவர்கள் துணியை மாற்றத்தான் வேண்டும். அந்த விலைக்குப் புதுக் கேசட்டே யோசிக்கலாம். சுருக்கம் போகட்டும் என்று இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள், மடிப்பே போய்விடும்.

கொசுவலை

வலையில் பெரும்பாலும் கிழிவது நடுவில் அல்ல, பட்டையோடு சேரும் ஓரத்தில்தான். அவசரமாகப் பட்டையைப் பிடிக்காமல் வலையைப் பிடித்து இழுப்பதால் வருவது. குழந்தைகளுள்ள வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

ஒரு அங்குலத்துக்குள் கிழிசல் என்றால் வலையின் நிறத்தில் மெல்லிய பாலியஸ்டர் நூலால் இழைமேல் இழையாகக் கோர்த்துத் தைத்து, தையல் முடிவில் பொட்டளவு தெளிவான பசை வையுங்கள். ஒட்டும் வலைத்துண்டுகளும் கிடைக்கின்றன. ஆனால் சுருள் வகையில் அந்தத் தடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஏறி ஏறிக் குழாயைக் கோணலாக்கும். மடிப்பு வகையில் துண்டு ஒட்டவே கூடாது, தைக்க மட்டும்தான்.

வலை முழுவதையும் மாற்றவேண்டுமானால், சாதாரணக் கண்ணாடியிழை வலை பெரும்பாலும் அங்குலத்துக்கு 18க்கு 16 கண் கணக்கில் வரும். ஒரு கண் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கொசுவுக்கும் ஈக்கும் அது போதும். ஸ்காட்லாந்து மலைப்பக்கம் போகிறவர்களுக்குப் போதாது. அங்கே மே முதல் செப்டம்பர்வரை மிட்ஜ் என்ற பூச்சி மொய்க்கும். சிறகு விரித்தாலும் இரண்டு மில்லிமீட்டர் வராது, ஆனால் கடித்தால் நம்மூர்க் கொசு தேவலை என்று தோன்றும். அது இந்தக் கண்ணில் சாவகாசமாக நுழையும். அங்கே போகும் எண்ணமிருந்தால் இன்னும் நெருக்கமான, மிட்ஜ் வலை என்றே விற்கும் துணியை வாங்குங்கள். காற்றோட்டம் கொஞ்சம் குறையும்.

மாற்றும் முறை: பழைய வலையைக் குழாயிலிருந்து கழற்றி அதையே மாதிரியாக வைத்து வெட்டவேண்டும். வலை குழாயின் நீளப் பள்ளத்தில் பிளாஸ்டிக் பட்டையாலோ ரப்பர் நாணாலோ அழுத்தப்பட்டிருக்கலாம், இல்லையென்றால் இருபுறமும் ஒட்டும் டேப்பால் ஒட்டியிருக்கும். ஸ்பிரிங்கின் முறுக்கை முழுக்க இறக்கிவிட்டுத்தான் இதைத் தொடவேண்டும். வெட்டும்போது அளவுகோலை நம்புவதைவிட ஒரு இழையைப் பின்தொடர்ந்து வெட்டுங்கள், நேராக வரும். குழாயில் ஒட்டும்போது ஒரு ஓரம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும், பத்துச் சுற்றில் அது ஒரு பக்கமாக ஏறிப்போய்த் தடத்தில் சிக்கும். பழைய வலையின் ஓரங்களில் மெல்லிய நாடாவோ தடிப்போ இருந்தால் அது அழகுக்காக இல்லை, காற்றடிக்கும்போது வலை தடத்திலிருந்து பிதுங்காமல் இருக்க. புதியதிலும் அந்த நாடாவைத் தைத்தே ஆகவேண்டும். தையல் மெஷினில் மேலும் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்தால் வலை சுருங்காது.

கூரை ஜன்னலின் திரைக்கும் இதே வேலைதான், ஆனால் சூடு முழுக்க மேலே போய்த் தங்குவதால் அங்கிருக்கும் பிளாஸ்டிக்தான் வண்டியிலேயே ரொம்ப நொறுங்கும் நிலையில் இருக்கும். கீழே ஜன்னல்களில் இரண்டு மூன்று செய்து கை பழகியபின் கடைசியாக அதைத் தொடுங்கள்.

மாட்டிய பிறகு

கோடையில் வண்டியை வெயிலில் நிறுத்தும்போது வெளிச்சத்தை மறைக்கும் திரையை முழுக்க மூடிவைக்காதீர்கள். திரையின் வெள்ளிப்பூச்சு வெப்பத்தைத் திருப்பி அனுப்ப, திரைக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே சூடு அடைபட்டு ஜன்னல் பலகையே கோணிவிடும். மூன்றில் இரண்டு பங்கு மூடினால் போதும், மிச்சம் திறந்திருக்கட்டும்.

குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வண்டி சும்மா நிற்கும்போது திரைகளைச் சுருட்டிய நிலையிலேயே விடுங்கள். இழுத்துக் கொக்கி மாட்டி விட்டால் ஸ்பிரிங் அத்தனை மாதமும் முறுக்கில் இருக்கும். வெளியிலிருந்து யாரும் உள்ளே பார்க்கக்கூடாது என்றால் சாதாரணத் துணித்திரை போட்டுக்கொள்ளலாம்.

திரையை ஏற்றும்போது கொக்கியை விடுவித்துவிட்டுக் கையை எடுத்துவிடாதீர்கள், கூடவே கொண்டுபோய் விடுங்கள். படாரென்று போய் மோதுகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய முனைகள் அடி வாங்குகின்றன. விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லித்தருவதைவிட நீங்களே திரையை ஏற்றி இறக்குவது சுலபம்.

கடைசி ஸ்க்ரூவை முடுக்குவதற்கு முன் கேசட்டின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள்: தேதி, திரைக்கு எத்தனை சுற்று, வலைக்கு எத்தனை சுற்று, நூலின் தடிமன். என் சமையல் பக்க ஜன்னலுக்குள் "திரை 12, வலை 10, நூல் 0.9" என்று இருக்கிறது.